உறைபனியும் ஆல்ஃபாத் துகளின் வேகமும்

கேள்வி: தோரியம் போன்ற தனிமங்களின் அணுக்கருவிலிருந்து வெளிப்படும் துகள்களின் வேகத்தை எது நிர்ணயிக்கிறது? எங்கள் ஊரில் உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் அந்த வேகம் குறையுமா?
– கல்லூரி மாணவி, உதகமண்டலம்

பதில்: குறையாது. உறைநிலையில் ஓர் அணுவின் வெப்ப அசைவுக்குரிய ஆற்றல், ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். தோரியம் வெளியிடும் ஆல்ஃபாத் துகளின் (இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த துகள்) ஆற்றலோ பல மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். பனியோ அடுப்புத் தணலோ அந்தக் கணக்கில் நுழைவதில்லை.

வேகத்தை முடிவு செய்வது நிறை வேறுபாடு. தோரியம்-232 சிதைந்தபின் கிடைக்கும் ரேடியம்-228, ஆல்ஃபாத் துகள் ஆகிய இரண்டின் கூட்டு நிறை, பழைய அணுக்கருவின் நிறையைவிடச் சற்றே குறைவு. குறைந்த நிறையே 4.08 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளிப்படுகிறது. மொத்த உந்தம் மாறக் கூடாதாதலால் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் விலகுகின்றன. கனமான ரேடியம் மிகச் சிறு பங்கோடு பின்வாங்க, இலேசான ஆல்ஃபா 4.01 மில்லியனைப் பெற்று நொடிக்கு ஏறத்தாழ 13,900 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. சில வேளைகளில் ரேடியம் ஆற்றலில் ஒரு பகுதியைத் தன்னுள் தேக்கிய கிளர்வு நிலையில் பிறக்கும். அப்போது ஆல்ஃபாவின் வேகம் சற்றுக் குறையும்.

தோரியம் படிப்படியாக வேறு தனிமங்களாகச் சிதையும் இதே தொடரின் முடிவை ஒட்டி வரும் பொலோனியம்-212 வெளியிடும் ஆல்ஃபாவின் ஆற்றல் 8.78 மில்லியன், வேகம் நொடிக்கு 20,500 கி.மீ. வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் அரை ஆயுளை, அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்தைப் பாருங்கள்: தோரியத்துக்கு 1,400 கோடி ஆண்டுகள், பொலோனியத்துக்கு ஒரு நொடியைக் கோடியாகப் பகுத்தால் அதில் மூன்று பங்கு! அணுக்கரு இயற்பியலில் இதைவிட வியப்பான ஒப்பீட்டை நான் அறியேன். அணுக்கருவைச் சூழ்ந்த மின்விலக்குத் தடையை ஏறிக் கடக்கும் ஆற்றல் ஆல்ஃபாவுக்கு இல்லை. குவாண்டம் விதிப்படி அது தடையை ஊடுருவியே வெளியேறுகிறது என்று 1928இல் இயற்பியலாளர்கள் காமோவும், தனியாகக் கர்னியும் காண்டனும் விளக்கினர். ஆற்றல் சிறிது கூடினாலும் ஊடுருவும் வாய்ப்பு பன்மடங்கு பெருகும். தடை தீர்மானிப்பது காத்திருக்கும் காலத்தை, வேகத்தை அன்று.

உங்கள் ஊரின் உயரம் மாற்றுவது துகள் செல்லும் தொலைவை மட்டுமே. கடல்மட்டத்தில் பொலோனியத்தின் அந்த ஆல்ஃபா காற்றில் ஏறத்தாழ 8.6 செ.மீ. செல்லும், 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவாதலால் 10 செ.மீ.யைத் தாண்டும்.

அணுக்கரு எலெக்ட்ரானை வெளியிடும் பீட்டாச் சிதைவில் நிலையான வேகம் என்று ஒன்றில்லை. ஆற்றலை எலெக்ட்ரானோடு, 1930இல் இயற்பியலாளர் பவுலி முன்மொழிந்த, மின்னூட்டமற்ற நியூட்ரினோ வகைத் துகளும் பகிர்ந்துகொள்வதால், பங்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. நிறை வேறுபாடு உச்ச வரம்பை மட்டும் வகுக்கிறது. எலெக்ட்ரான் மிக இலேசானதாகையால், பெரும்பங்கு கிடைக்கும்போது ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது.