வெயில் ஏறினால் பால் ஏன் இறங்குகிறது? கறவை மாடு – கேள்வி பதில்

எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு 16 லிட்டர் கறந்தது, ஏப்ரலில் 12-க்கு வந்துவிட்டது. வெயிலுக்குப் பழகிவிடாதா ஐயா?

பழகிவிட்டது, அதனால்தான் 12. தீனி வயிற்றில் நொதிக்கும்போதும் பால் சுரக்கும்போதும் உடம்புக்குள் சூடு பிறக்கிறது. அதை வெளியே தள்ள முடியாத மாடு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. சில வாரங்களில் தைராய்டு சுரப்பும் தணிகிறது. பால் வேண்டுமென்றால் குளிர்விக்கும் வேலை நம்முடையது. நிழலில் நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் வெக்கை தாக்குகிறது. தெர்மாமீட்டரில் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினாலும் அப்படியே.

நாகப்பட்டினம் பக்கம். ஃபாகர் (பனிபோல் நுண்துளி தூவும் கருவி) போட்டும் மாடு இரைக்கிறதே?

கடலோர ஈரக்காற்றில் ஃபாகர் வீண். 30 டிகிரி செல்சியஸ், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் வெப்ப-ஈரப்பதக் குறியீடு 83 வருகிறது. நிறையக் கறக்கும் மாடு 72-லேயே திணறத் தொடங்கும். அந்தக் காற்றில் நுண்துளி ஆவியாகாமல் உரோமத்தின் மேல் படிந்து, சூடு வெளியேற விடாமல் தடுக்கிறது. பெரிய துளியாக விழும் தெளிப்பான், அல்லது சாதாரண ஹோஸ் போதும். முதுகும் விலாவும் தோல்வரை நனைய 1–2 நிமிடம் தண்ணீர், பிறகு 10–12 நிமிடம் மின்விசிறி மட்டும், மறுபடி தண்ணீர். சூட்டை எடுத்துப்போவது தண்ணீர் உலரும்போதுதான், ஆகவே விசிறியில் கஞ்சத்தனம் கூடாது. மடிவரை வழிய விட்டால் மடிநோய்க்கு வழி.

தீனியை எப்படி மாற்றுவது? சோடா உப்பு எவ்வளவு?

தீனி தின்ற 3–4 மணி நேரத்தில் நொதிச்சூடு உச்சத்துக்குப் போகும். காலை 9 மணிக்குப் போட்டால் உச்சிவெயிலோடு சேர்ந்துகொள்ளும். காலை 5 மணிக்கு ஒரு பங்கு, மாலை 6-க்கு மேல் இரண்டு பங்கு போடுங்கள். தின்னவில்லையே என்று பசுந்தீவனத்தைக் குறைத்து அடர்தீவனத்தை ஏற்றுவது பெரிய தப்பு. இரைக்கும் மாடு எச்சிலை ஒழுகவிடுகிறது. வயிற்று அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் அதோடு போய்விடும். 100 கிராம் சமையல் சோடாவை இரண்டு வேளையாகப் பிரித்து அடர்தீவனத்தில் கலக்கலாம், உப்பு 40 கிராம். கன்று ஈன மூன்று வாரமே இருந்தால் சோடா வேண்டாம், பால்சுரத்தில் (ஈன்றதும் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து இறங்கும் நோய்) கொண்டுவிடும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும்.

கறவை வற்றிய சினைமாட்டுக்கும் விசிறி வேண்டுமா? கரண்ட் பில் ஏறுதே.

அதற்குத்தான் முதலில். கடைசி இரண்டு மாதத்தில் மடியின் பால்செல்கள் புதிதாக வளர்கின்றன. வெக்கையில் அந்த வளர்ச்சி குன்றி அடுத்த ஈற்றில் பால் குறையும். கன்றும் எடை குறைவாகப் பிறக்கும். அந்தக் கன்று கிடேரியாகிக் கறக்கும்போதும் பால் குறைகிறது என்று ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காங்கேயத்துக்கு மாறிவிடலாமா அண்ணே?

பாலுக்காக வேண்டாம், அது உழவுக்கும் வண்டிக்குமான இனம். நாட்டு மாடு வெயில் தாங்குவதற்கு வியர்வைச் சுரப்பி ஒரு காரணம் என்றால், குறைவாகக் கறப்பது இன்னொன்று. சமவெளியில் ஜெர்சி கலப்பு போதும். அயல் ரத்தத்தை 50 விழுக்காட்டை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாங்க உதவும் கரீபியன் செனபோல் மாட்டின் குட்டை உரோம மரபணு ஹோல்ஸ்டீனுக்கும் வந்திருக்கிறது.

கோடையில் ஊசி போட்டாலும் சினை நிற்பதே இல்லை.

பருவ அறிகுறி இரவில் சில மணி நேரம் காட்டி மறைந்துவிடும்; விடியலிலும் இரவு படுக்கும் முன்னும் பாருங்கள். ஊசி போட்ட முதல் வாரம் கரு சூட்டுக்கு எளிதில் சாகும். அந்த வாரம் முழுக்க மேய்ச்சலுக்கு ஓட்டாமல் தெளிப்பானுக்குக் கீழே கட்டுங்கள்.