உறங்குநிலை வந்தால் மயக்கவியல் படிப்பு வீணாகிவிடுமா? காரைக்குடியிலிருந்து எழுதிய ஓர் ஆச்சிக்குப் பதில்

அன்புள்ள ஆச்சி,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. ஐயாவுக்கு மதுரையில் இருதய ஆபரேஷன் நடந்ததிலிருந்து மகள் மயக்க மருந்தைப் பற்றியே படிக்கிறாள், டாக்டராகி மயக்கவியல் எடுக்கப்போகிறேன் என்கிறாள் என்பது ஒன்று. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போனில், "இனிமேல் கரடி மாதிரி ஆளை மாதக்கணக்கில் உறங்கவைத்து ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், மயக்க டாக்டருக்கு வேலையே இருக்காது, பேசாமல் சி.ஏ. படிக்கச் சொல்லுங்கள்" என்றது இன்னொன்று. சி.ஏ. நல்ல படிப்புதான். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக மகளின் ஆசையைத் தள்ளிவைக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மயக்கம் கொடுப்பது என்றால் தூங்கவைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, ஆபரேஷனில் வலி தெரியாமல் செய்யலாம் என்று எல்லோர் முன்னாலும் காட்டினார். அதிலிருந்து இந்தத் துறை வளர்ந்து, இன்று மயக்க டாக்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கிறார். நினைவு இருக்கக்கூடாது, வலி தெரியக்கூடாது, தசை தளர வேண்டும், அதே சமயம் ரத்த அழுத்தமும் மூச்சும் கையை மீறிப் போகக்கூடாது. ஆபரேஷன் முழுக்க அவர் கண் மானிட்டரை விட்டு நகராது.

உறங்குநிலை, அதாவது விலங்கு உடலின் இயக்கத்தையே தணித்துக்கொண்டு கிடப்பது, வேறு காரியம். ஆர்க்டிக் தரை அணில் பனிக்காலத்தில் உடல் வெப்பத்தைப் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறக்கிவிடும். கருங்கரடி அவ்வளவு குளிராது. ஆனால் உடலின் ஆற்றல் செலவை இயல்பில் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் செய்வது சிக்கனம்: உறுப்புகளுக்குத் தேவையான ஆக்சிஜனையே குறைத்துவிடுகின்றன. ஆனால் உறங்குநிலையில் இருக்கிற சின்ன விலங்கைக் கையில் எடுத்தாலே அது மெல்லச் சூடேறி விழிக்கத் தொடங்கிவிடும். கத்தி பட்டால் சும்மா கிடக்காது. ஆகவே ஆளை உறங்குநிலைக்குக் கொண்டுபோனாலும் வலியையும் நினைவையும் அடக்க ஒருவர் வேண்டும். சித்தப்பாவின் வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் மருத்துவர்கள் இதை ஏன் இத்தனை வருஷமாகத் துரத்துகிறார்கள்? நேரத்துக்காக. ரத்த ஓட்டம் நின்றால் சாதாரண உடல் வெப்பத்தில் மூளை சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. கனடாவில் வில்ஃப்ரட் பிகலோ உடலைக் குளிரவைத்தால் இருதயத்தைத் திறக்க அவகாசம் கிடைக்கும் என்று கண்டார். உறங்குநிலைக்குக் காரணமான பொருளைத் தேடி கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கையே பல வருஷம் ஆராய்ந்தார்; அது அகப்படவில்லை. ஆனாலும் குளிர்வித்தல் பலித்தது. 1952 செப்டம்பர் 2 அன்று மினியாபொலிஸில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுப் பெண் குழந்தையின் உடலைக் குளிரவைத்து, இருதயத்தில் இருந்த ஓட்டையை நேரில் பார்த்து அடைத்தார். பிரான்சில் ஆன்றி லபோரி மருந்துக் கலவையும் பனிக்கட்டியும் கொண்டு 'செயற்கை உறங்குநிலை' முயன்றார். அந்த முறை நிலைக்கவில்லை. ஆனால் அதில் பயன்பட்ட குளோர்புரோமசின் என்ற மருந்து மனநல மருத்துவத்தையே மாற்றிவிட்டது. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆராய்ச்சியில் இறங்குகிற பிள்ளை இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்றும் இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் வளைவில் (பெருந்தமனி வளைவு) ஆபரேஷன் செய்யும்போது உடலை 18, 20 டிகிரிக்கு இறக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது உண்டு. அப்படிக் கிடைக்கும் பாதுகாப்பான நேரம் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம்தான். இதில் ஒரு சிக்கல். நம் உடல் குளிருக்கு ஒத்துழைக்காது. நடுங்கி நடுங்கிச் சூட்டை உண்டாக்கப் பார்க்கும். அந்த நடுக்கத்தை அடக்கவும் மருந்து வேண்டும். குளிர்ந்த உடலில் ரத்தம் உறைவது கெடும், கிருமித்தொற்று கூடும், இருதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் சாதாரண ஆபரேஷன்களில் மயக்க டாக்டர் நோயாளி குளிர்ந்துவிடாமல் சூடான காற்றுப் போர்வை போட்டுக் காக்கிறார். விலங்கு செய்வது அடுப்பில் தீயைக் குறைப்பது. நாம் இதுவரை செய்துவந்தது, தீ எரிய எரியப் பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது.

தீயைக் குறைக்கிற திருகு எங்கே என்று சமீபத்தில்தான் தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. 2020-ல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஹார்வர்டு குழுவும் தனித்தனியாக, எலியின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் சில நரம்பணுக்களைத் தூண்டினால் உறங்குநிலை போன்ற நிலை வருவதைக் காட்டின. 2023-ல் செயின்ட் லூயிஸில் ஹாங் சென் குழு, மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் செலுத்தியே சுண்டெலியில் இதைச் செய்தது. இயல்பாக இந்த நிலைக்குப் போகாத பெரிய எலியிலும் இதே போன்ற மாற்றம் தெரிந்தது. மகள் ஏன் உற்சாகமாக இருக்கிறாள் என்று இப்போது புரியும். ஆனாலும் எலியிலிருந்து மனிதனுக்கு வருவது நீண்ட பாதை. அது வந்து சேரும்போது ஆபரேஷன் தியேட்டரில் அதை இயக்கப்போகிறவர் மயக்க டாக்டர்தான். வெப்பம், மூச்சு, ரத்த ஓட்டம் மூன்றையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கப் பழகியவர் அங்கே வேறு யார்?

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சி குளிர்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று மகள் நினைத்துவிடக்கூடாது. மடகாஸ்கரில் குட்டை லெமூர் ஒன்று வெப்பமான மரப்பொந்துக்குள்ளேயே மாதக்கணக்கில் உறங்குநிலையில் கிடக்கிறது. அதுவும் குரங்கினத்துக்கு உறவுதான். நம் பக்கம் கண்மாய் வற்றினால் நத்தை வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் கிடந்து, மழை வந்ததும் எழுந்து ஊர்ந்து போகிறதே, அது கோடை உறக்கம். நம் ஆட்கள் நம் மண்ணிலேயே ஆராய வேண்டியதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளைக் குளிர்விக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்விலோ பலன் தெரியவில்லை. குளிர்வித்த குழந்தைகளில் இறப்பு கூடுதலாகவே இருந்தது. எனக்கு இந்தத் தகவல் மனதைவிட்டு அகலுவதே இல்லை.

சரி, படிப்புக்கு வருவோம். மகள் பிளஸ் ஒன்னில் பயாலஜியும் மேத்ஸும் சேர்ந்த குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றவே வேண்டாம், இரண்டு கதவும் திறந்திருக்கிறது. மருத்துவம் என்றால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., பயிற்சியோடு ஐந்தரை வருஷம். பிறகு எம்.டி. மயக்கவியல் மூன்று வருஷம். இருதய மயக்கவியலில் டி.எம். என்ற மேல்சிறப்புப் பட்டம் வேண்டுமானால் இன்னும் மூன்று வருஷம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் அதற்குப் பேர்போனது. நரம்பு சார்ந்த மயக்கவியலுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ். ஆராய்ச்சிதான் பிடிக்கிறது என்றால் ஐசர் (IISER) என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருஷ பி.எஸ்-எம்.எஸ். படிப்பு; நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். அதற்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. நீட்டுக்குப் படிக்கிற பிள்ளை மேத்ஸை விடாமல் இருந்தால் அதையும் எழுதிவிடலாம். பிறகு பி.எச்டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. "ஆராய்ச்சி என்றால் கையிலிருந்து செலவு" என்ற பயம் வேண்டாம்.

நீட்டில் இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேரும் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா டெக்னாலஜி படிப்பு இருக்கிறது. மயக்க டாக்டரின் பக்கத்தில் நின்று செய்யும் வேலை, சீக்கிரம் சம்பளமும் வரும். ஆனால் அது டாக்டர் ஆவதற்கான குறுக்குவழி இல்லை. அந்த நினைப்பில் சேர்ந்தால் இரண்டாம் வருஷமே மனம் கசந்துவிடும். தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடத்துக்காக வீட்டை அடமானம் வைக்கும் யோசனை ஒன்றும் உங்கள் கடிதத்தில் எட்டிப்பார்க்கிறது. வேண்டாம் ஆச்சி. அந்தக் கடனின் சுமையில் பிள்ளை ஆராய்ச்சிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது.

இந்த லீவில் மகள் செய்ய வேண்டியது ஒன்று. ஆபரேஷனுக்கு முன் நோயாளியைப் பரிசோதிக்கும் மயக்க டாக்டர் ஒருவரிடம், உங்கள் குடும்ப டாக்டர் மூலமாக நேரம் கேட்டு, பத்து நிமிடம் பேசட்டும். இரவு ஒரு மணிக்கு சிசேரியனுக்குக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், எதில் பயம் வரும் என்று கேட்கட்டும். அதன்பிறகும் கண்ணில் அதே வெளிச்சம் இருந்தால் நீட், ஐசர் இரண்டுக்கும் சேர்த்துப் படிப்புத் திட்டம் போட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியல்களோடு அவளைக் கூட்டி வாருங்கள். முடிந்தால் சித்தப்பாவையும் போனில் இருக்கச் சொல்லுங்கள்.