மலையகத்தில் இறுதிக்கால நோயாளர்களுக்குத் தொண்டு செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வைத்தியப் படிப்பில்லாத ஒருவர் ஹட்டன், மஸ்கெலியா பக்கங்களில் இனிக் குணமாக்க முடியாத நோயாளர்களுக்குத் தொண்டராக உதவ முடியுமா, அதற்கு மனத்தைரியம் மிகுதியாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். தைரியத்தை விடக் கவனிக்கும் பழக்கம்தான் வேண்டும். அது வருவதற்குத்தான் நாளெடுக்கும்.

நான் ஆறு வருடங்களாக ஒரு தாதியுடன் தேயிலைத் தோட்ட வீடுகளுக்குப் போய்வருகிறேன். இந்தப் பணி என்றதும் பலர் கட்டிலும் தாதியரும் நிறைந்த ஓர் இல்லத்தை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்குள்ளேயே நடக்கிறது. ஒரே அறையில் நோயாளி படுத்திருக்க, அடுப்பு எரிய, பேரப்பிள்ளை பாடம் படிக்க, அதற்கிடையில்தான் புண்ணைத் துடைக்க வேண்டும்.

முதல் வருடம் நான் பார்த்தவர்களில் ஒருவர், நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கம் நம் மக்களிடையே எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் கன்னத்தின் உட்புறத்தில்தான் புற்றுநோய். கண்டியில் கதிர்ச் சிகிச்சை முடிந்து, இனி வலியைத் தணிப்பதே வழி என்று அனுப்பிவிட்டார்கள். “வலிக்குதா பாட்டி?” என்று போகும்போதெல்லாம் கேட்பேன். “இல்ல தம்பி” என்பார். நானும் நம்பினேன். தாதி வேறு விதமாகக் கேட்டார்: “ராத்திரி எத்தன தடவ எழும்புனீங்க?” பாட்டி மருமகளைப் பார்த்தார்; மருமகள்தான் பதில் சொன்னாள், தூங்கியே நான்கு நாளாகிறது என்று. வலிக்கிறது என்று சொன்னால் மகன் வேலையை விட்டுவிட்டு மறுபடி கண்டிக்குக் கூட்டிப்போவான், அவனுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்பதுதான் அவர் மறைத்ததற்குக் காரணம். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ‘முழு வலி’ என்று ஒன்றைச் சொன்னார்: உடம்பின் நோவோடு பணக் கவலை, குடும்பக் கவலை, மனத்தின் பயம் எல்லாம் சேர்ந்ததே ஒருவரின் வலி. அதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டிலேயே இன்னொன்றும் கண்டேன். கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பீன் பாணிப் போத்தல் பத்து நாளாகியும் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. “தாங்க முடியாத நேரத்துக்கு வச்சிருக்கோம்” என்றார் மகன். பழக்கமாகிவிடும் என்ற பயம் வேறு. வாயால் கொடுக்கும் மோர்பீன் பாணியை வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரும் முன்னரே கொடுக்க வேண்டும். வலி முற்றிய பின் கொடுத்தால் அதை அடக்குவது கடினம். மருந்தின் அளவைச் சொல்வது தொண்டரின் வேலையன்று, சொல்லவும் கூடாது. போத்தலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத் தாதியிடம் சொல்வது நம் வேலை. மலச்சிக்கலையும் அப்படியே விசாரியுங்கள், மோர்பீன் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வரும். கழிப்பறை லயத்துக்கு வெளியே, படியிறங்கிப் போகும் தூரத்தில் இருந்தால், அதற்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றவை பழகப் பழக வந்துவிடும்: படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, வாயை ஈரத்துணியால் சுத்தம் செய்வது, புண் நாற்றத்துக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடியாக்கித் தூவுவது. தாதியோடு சில மாதங்கள் நடந்தாலே போதும்.

கடைசி நாட்கள் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர் பிரியும் தறுவாயில் பிள்ளைகள் பால் ஊற்றுவது நம் வழக்கம். நினைவு தப்பி, விழுங்கும் சக்தி போனவரின் வாயில் பாலை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கித் திணறவைக்கும். அதற்காக வேண்டாமென்று தடுத்தால், பாலூற்றக்கூட விடவில்லை என்ற குறை அந்தக் குடும்பத்தில் காலமெல்லாம் நிற்கும். அந்தப் பாட்டி வீட்டில் தாதி ஒரு பஞ்சைப் பாலில் தோய்த்துப் பிழிந்து மகன் கையில் கொடுத்து, உதட்டில் மட்டும் ஒற்றச் சொன்னார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், பிறகு பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்று வாசல் திண்ணையான இஸ்தோப்புவரை வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஒற்றினார்கள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்கு முன்பே பாட்டி போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. தாதி ஏன் என்று கேட்கவில்லை; மூன்றாவது வாரம் அடுத்த வீட்டுக்குப் போகும் வழியை மட்டும் தொலைபேசியில் சொன்னார். நீங்களும் சேர்வதாக இருந்தால், அப்படி நின்று வர இடம் கொடுக்கும் ஒருவரோடு சேருங்கள்.