பூட்டிய வீடுகளின் கணக்கு

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் ஆவோகாஷிமா என்று ஒரு தீவு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வெறும் 169 பேர். அந்த நாட்டிலேயே மிகச் சிறிய கிராம நிர்வாகம் அதுதானாம். இத்தனை பேருக்கு ஒரு தலைவர், ஒரு மன்றம், ஒரு பள்ளிக்கூடம், ஹெலிகாப்டர் வேறு! நான் இருக்கும் அடுக்குமாடியில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். பக்கத்துத் தீவோடு சேர்த்துவிட்டால் செலவு மிச்சம்தானே? எரிமலைமேல் போய்க் குடியிருப்பதே பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. ஆனாலும் ஒருமுறை பார்க்க ஆசை. எப்படிப் போவது?

க., கோவை

அன்புள்ள தம்பி,

டோக்கியோவிலிருந்து ஹச்சிஜோ தீவுக்கு விமானம் இருக்கிறது. அங்கிருந்து கப்பலில் போகலாம், இல்லையென்றால் ஒன்பது பேர் உட்காரும் ஹெலிகாப்டர். கரையெல்லாம் செங்குத்துப் பாறை. கடல் கொஞ்சம் கோபித்தாலும் கப்பல் அணையாது. இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போ. செலவு மிச்சம் பற்றிய கேள்வியை விடு, அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

‘வெறும் 169 பேர்’ என்று எழுதினாய் பார், அந்த ‘வெறும்’தான் என்னைத் தூங்கவிடவில்லை.

1991 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போன ஆசிரியர்களில் நானும் ஒருவன். மலையடிவாரத்தில் பதினோரு வீடுள்ள ஒரு சிற்றூர். ஏழு வீட்டில் பூட்டு. ஒரு பாட்டி என் கூடவே நடந்து வந்து, பூட்டிய ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று பேர் சொன்னார். “இவன் திருப்பூர்ல இருக்கான், எழுதிக்க. இவ கட்டிக்குடுத்துப் போயிட்டா, ஆனாலும் எழுதிக்க.” எழுதக் கூடாதும்மா, விதி அப்படி என்றேன். “அப்ப எங்க ஊரை நீ பாதிதான் எழுதிட்டுப் போற” என்றார். இன்றுவரை அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆவோகாஷிமாவின் கதையைப் படித்தபோது அந்தப் பாட்டிதான் கண்முன் நின்றார்.

1780இல் தீவில் நிலநடுக்கங்கள் தொடங்கின. 1783இல் மலை வெடித்து வீடுகள் எரிந்தன. 1785இல் வந்ததுதான் பெரிய வெடிப்பு. அப்போது தீவில் 327 பேர். 70 கிலோமீட்டர் போலத் தள்ளியிருக்கும் ஹச்சிஜோவிலிருந்து படகுகள் வந்தன. எல்லாரையும் ஏற்ற முடியவில்லை. 130 பேருக்கு மேல் மாண்டார்கள். தப்பிய ஏறக்குறைய 200 பேர் ஹச்சிஜோவில் போய் ஒண்டினார்கள். ஜப்பானையே வாட்டிய டென்மேய் பஞ்ச காலம் அது. வந்தவர்களுக்குச் சோறு போடுவது யாருக்கும் லேசான காரியமில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பதைக் கவனி. சில வருடங்களிலேயே திரும்பப் புறப்பட்டார்கள். சாம்பல் மூடிய நிலத்தைத் திருத்த முதலில் சில ஆட்கள் போனார்கள். அவர்களுக்குப் பின் கிளம்பிய படகுகளைக் காற்று அடித்துக்கொண்டு போய், எங்கோ ஜப்பானின் பெருந்தீவிலுள்ள கீ தீபகற்பக் கரையில் ஒதுக்கியது. பலர் செத்தார்கள். மறுபடியும் கிளம்பினார்கள். 1817இல் சசாகி ஜிரோதயூ என்பவர் ஊர்த்தலைவரானார். யார் எப்போது போவது, என்ன பயிரிடுவது என்று திட்டம் போட்டுப் படிப்படியாக ஆட்களை அனுப்பி, 1824இல் ஊரையே கொண்டுபோய்ச் சேர்த்தார். 1835இல் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். வரி கட்டும் நிலை வந்ததால் ஊர் மீண்டது என்று அரசும் ஒப்புக்கொண்டது.

1785க்கும் 1824க்கும் நடுவே 39 வருடம். அப்படியானால் அந்த வருடம் திரும்பிப் போனவர்களில் முப்பத்தொன்பது வயதுக்குக் குறைந்த யாரும் அநேகமாக அந்த மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. அகதிக் குடிசையில் பிறந்து, அப்பனும் பாட்டனும் சொல்லக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் பார்த்திராத ஊரை ‘எங்க ஊர்’ என்று சொல்லிப் படகேறினார்கள். அந்த வருடங்களில் நீ கணக்கெடுக்கப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பாய்? மண் திருத்தப் போன நாலு ஆட்களை எழுதியிருப்பாய். ஊர் முழுக்க அக்கரையில் அல்லவா இருந்தது!

எரிமலைமேல் குடியிருப்பது பைத்தியக்காரத்தனமாம். நெருப்பில் வெந்து, கடலில் செத்து, அதற்குப் பின்னும் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடமா இதைச் சொல்வாய்? நிலத்திலிருந்து வரும் ஆவியிலேயே அவர்கள் இன்று உப்புக் காய்ச்சுகிறார்கள், கிழங்கு வேகவைக்கிறார்கள். மலையைப் பற்றி உன்னையும் என்னையும்விட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

எண்ணிக்கையை வைத்து அவர்களை ஒதுக்கிய முதல் ஆள் நீ இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. ஆனால் ஆவோகாஷிமாவில் மட்டும், போக்குவரத்தும் தகவல்தொடர்பும் சரியில்லை என்று, தேசியத் தேர்தலே நடத்தாமல் விட்டார்கள். 1956 வரைக்கும்! அத்தனை வருடமும் கணக்கில் அவர்கள் உண்டு, ஓட்டில் இல்லை. நீ ‘எதற்கு’ என்று கேட்கும் கிராம மன்றத்தில் ஆறு பேர் உட்காருகிறார்கள். அந்த ஆறு நாற்காலியையும் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறாயா?

மேல்நிலைப் பள்ளி அங்கே கிடையாது. பதினைந்து வயதானதும் பிள்ளைகள் தீவைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கிளம்பியவுடன் 169இல் ஒன்று குறைகிறது.

ஊர் திரும்பியதை அவர்கள் ‘கன்ஜூ’ என்கிறார்கள், திரும்பிவந்து குடியிருத்தல். ஹச்சிஜோவுக்கும் தீவுக்கும் நடுவே 2014 வரை ஓடிய கப்பலுக்கு அதே பெயர்தான், கன்ஜூ மாரு. இப்போது ஓடுவது வேறு கப்பல். நீ போனால் அங்கே வயதான யாரையாவது பார்த்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கேள். சொல்வார்கள். வந்து எனக்கு எழுது.