நியூ ஜெர்சியில் பழைய மஸ்டாங்: பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கிறேன். போன வருடம் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று வாங்கி, பெயின்ட் எல்லாம் புதிதாக அடித்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் டேங்க் மூடிப் பக்கம் வழிந்து பின் பேனலிலும் பம்பரிலும் ஓடுகிறது. நானே போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டால் பங்க்கில் மறுக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் நாசிலை (பம்ப் குழாயின் கைப்பிடி முனையை) என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஹிஸ்டாரிக் பிளேட் (பழைய வண்டிகளுக்கான தனி நம்பர் பிளேட்) உள்ள வண்டிக்கு விலக்கு ஏதாவது உண்டா? சீக்கிரம் ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்டுக்கு மாற்றல் வரும்போலத் தெரிகிறது. அங்கேயும் இதே கதைதானா?

பதில்: விலக்கு இல்லை. 25 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்று ஹிஸ்டாரிக் பிளேட் வாங்கியிருந்தாலும், நியூ ஜெர்சியில் பெட்ரோல் பங்க்கில் உங்கள் டேங்க்கை நிரப்ப வேண்டியவர் அங்குள்ள ஊழியர்தான். சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்று பொதுவாக இருக்கிறதே தவிர, பழைய வண்டிக்கென்று தனி வழி எதுவும் விடப்படவில்லை. ஆனால் உங்கள் பெயின்ட்டைக் காப்பாற்ற நாசில் உங்கள் கைக்கு வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. எவ்வளவு போடுவது, எந்த வேகத்தில் போடுவது, எங்கே நிறுத்துவது என்ற மூன்றையும் நீங்கள் தீர்மானித்துவிட்டால் போதும். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தடை வந்தது 1949-ல். அதற்குச் சற்று முன்பு இர்விங் ரைங்கோல்ட் என்பவர் ஹாக்கன்சாக் பகுதியில் ரூட் 17 ஓரம் 24 பம்ப் வைத்து, வாடிக்கையாளரே போட்டுக்கொள்ளும் பங்க் ஒன்றைத் திறந்தார். மற்ற பங்க்குகளில் காலன் 21.9 சென்ட் விற்றபோது அவரிடம் 18.9 சென்ட். கூட்டம் அங்கே குவிந்தது. மற்ற பங்க்காரர்கள் சட்டமன்றத்தை நாடினார்கள், தடை வந்தது. அவர் வழக்குப் போட்டார். 1951-ல் மாநில உச்ச நீதிமன்றம், பெட்ரோல் தீப்பிடிக்கும் பொருள், அரசு இப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லித் தடையை உறுதிசெய்தது. சட்டத்தின் முகப்பில் எழுதியிருக்கும் காரணங்களும் அதையே சொல்கின்றன: தீ அபாயம், பெட்ரோல் ஆவியால் உடலுக்கு வரும் கேடு, முதியவர்களும் உடல் இயலாதவர்களும் படும் சிரமம். போட்டிக்குப் பயந்து வந்த சட்டம் என்பது என் கருத்து. ஆனாலும் அது இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் சட்டம். 2006-ல் ஆளுநர் கோர்சைன் சோதனை முறையில் தளர்த்திப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார். 2022-ல் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

உங்களிடம் நாசிலைக் கொடுத்த ஊழியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊழியர் அல்லாத ஒருவரைப் பெட்ரோல் பிடிக்க 'அனுமதிப்பது' குற்றம் என்றுதான் சட்டத்தின் வாசகம் இருக்கிறது. அதாவது சிக்கல் முதலில் வருவது அவருக்கும் அவருடைய முதலாளிக்கும். அபராதம் முதல் தடவை 50 முதல் 250 டாலர் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 500 டாலர் வரை. மணிக்கணக்குக் கூலிக்கு வெயிலிலும் பனியிலும் நிற்கிற ஒரு மனிதரை, நம் பெயின்ட்டுக்காக அந்த இடத்தில் நிறுத்துவது சரியில்லை என்று நினைக்கிறேன். அவராகவே கொடுத்தால்கூட நன்றி சொல்லிவிட்டு, "நீங்களே பிடியுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குக் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். நியூ ஜெர்சியில் அது பழக்கம்தான், எழுதப்பட்ட உரிமை இல்லை.

இனி, ஏன் வழிகிறது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் ஊழியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தானாக விளங்கும்.

நாசில் முனையின் அருகே சின்ன துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படும். டேங்க் நிறைந்து துளையை பெட்ரோல் மூடியதும் காற்று நின்று, உள்ளே வெற்றிடம் உண்டாகி, டக்கென்று வால்வு மூடிக்கொள்ளும். இன்றைய கார்களின் டேங்க் கழுத்தை, அதாவது மூடியிலிருந்து டேங்க்குக்குப் போகும் குழாயை, இந்த நாசிலுக்காகவே வடிவமைக்கிறார்கள். வாய் குறுகலாக இருக்கும், ஆவி திரும்பி வரத் தனி வழி இருக்கும், டேங்க்குக்குள்ளேயே கொஞ்சம் காலி இடம் ஒதுக்கியிருக்கும்.

உங்கள் 66 மஸ்டாங்கில் இது எதுவும் கிடையாது. மூடி பின் பேனலின் நடுவில், இரண்டு டெய்ல் லைட்டுக்கும் இடையில் இருக்கிறது. கழுத்து டிக்கிக்குள் ஏறக்குறையப் படுத்த மாதிரி கொஞ்ச தூரம் ஓடி டேங்க்கில் இறங்குகிறது. வாய் அகலம். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து நாசில் சுமார் 24 மில்லிமீட்டர். இன்றைய அன்லெடட் (ஈயமில்லாத) பெட்ரோல் நாசில் சுமார் 21. அதனால் நாசில் அந்த வாயில் லொடலொடவென்று உட்கார்கிறது. அமெரிக்காவில் பம்ப்பின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 10 காலன், அதாவது ஒரு நொடிக்கு அரை லிட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் படுத்த கழுத்துக்குள் போகிற பெட்ரோல் நுரைத்துத் திரும்பும். நுரை துளையைத் தொட்டதும் பாதியிலேயே நாசில் கட் ஆகும். இன்னும் நிறையவில்லை என்று ஊழியர் திரும்ப அழுத்துவார். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால், கடைசி அழுத்தலில் நிஜமாகவே நிறைந்த டேங்க்குக்குள் பெட்ரோல் பாய்ந்து அப்படியே பின்னால் தெறிக்கும்.

இது மஸ்டாங்குக்கு மட்டும் வந்த வினை இல்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் மூடி ஒளிந்திருக்கும் அறுபது எழுபதுகளின் பெரிய அமெரிக்க கார்கள், முன் பானெட்டைத் திறந்து ஊற்ற வேண்டிய பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள், பின் கண்ணாடிக்குக் கீழே பாடியின் நடுவில் மூடி உள்ள 1963-67 கார்வெட்டுகள் என எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இதே தொல்லைதான். 1956 ஷெவர்லேயில் மூடி இடது டெய்ல் லைட்டுக்குப் பின்னால் இருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர் தேடிக் களைத்துப்போவார். நியூ ஜெர்சி விதிப்படி ஊழியருக்குக் குறைந்தது ஒரு வேலை நாள் மேற்பார்வையில் பயிற்சி தர வேண்டும். அந்தப் பயிற்சியில் அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி இடம்பெற வாய்ப்பில்லை. அவருக்குச் சொல்லித்தர வேண்டியவர் வண்டிக்காரராகிய நீங்கள்தான்.

என்ன செய்யலாம்? இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். மூடியை நீங்களே கழற்றுங்கள். அவர் திருகினால் மூடியின் விளிம்போ, அதைக் கட்டியிருக்கும் கம்பியோ பெயின்ட்டில் உரசலாம். மூடிக்குக் கீழே பேனலையும் பம்பரையும் மறைக்கும்படி, பஞ்சுபோல் உறிஞ்சும் தடித்த துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊழியரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபுல் டேங்க் வேண்டாம், இத்தனை டாலருக்கு மட்டும். நாசில் தானாக ஓடும்படி கிளிப்பை மாட்டிவிட்டுப் போக வேண்டாம், கையால் மெதுவாகப் பிடியுங்கள். முதல் தடவை கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள்.

தொகையைச் சொல்வதில் ஒரு லாபம் இருக்கிறது. பம்ப்பில் தொகையை முன்கூட்டியே அழுத்திவிட்டால், முடிவு நெருங்கும்போது ஓட்டம் தானாகக் குறையும். உங்கள் டேங்க் 16 காலன், ஏறக்குறைய 60 லிட்டர். கால் டேங்க் இருக்கும்போது போய் 9 அல்லது 10 காலனுக்கான தொகையைச் சொன்னால் நுரைத்து வழியும் கட்டத்துக்கே போகாது. பழைய மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். போன தடவை போட்டதிலிருந்து எத்தனை மைல் ஓடியது என்று குறித்து வைத்துக் கணக்குப் போடுங்கள். கையால் மெதுவாகப் பிடித்தும் கட் ஆகிக்கொண்டே இருந்தால், நாசிலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். துளை இருக்கும் பக்கம் மாறுவதால் பல வண்டிகளில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

கழுத்து வரை நிரப்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் குளிர்ந்திருக்கும். ஜூலை வெயிலில் கார் ஷோவில் நிறுத்தினால் அது விரியும். 60 லிட்டர் பெட்ரோலின் சூடு 15 டிகிரி செல்சியஸ் கூடினால், முக்கால் லிட்டருக்கும் மேல் கன அளவு கூடும். அதற்கு டேங்க்கில் இடம் இல்லையென்றால் அது வெளியேதான் வரும். நீங்கள் பங்க்கில் காப்பாற்றிய பெயின்ட் பார்க்கிங்கில் பாழாகும்.

இவ்வளவுக்கும் பிறகு வழிந்துவிட்டால், காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். தூசியோடு சேர்ந்து கீறல் விழும். ஒற்றி எடுத்து, உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள், வீட்டுக்கு வந்ததும் கார் ஷாம்பு போட்டு அலசுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் வண்டிக்கு அடித்தது கிளியர்கோட்டோடு வரும் இன்றைய யூரித்தேன் பெயின்ட் என்றால் பெரும்பாலும் தப்பிக்கும். பழைய முறைப்படி லாக்கர் அடித்திருந்தால் பெட்ரோல் பட்ட இடம் இளகிக் கறை நிற்கும். என்ன பெயின்ட் என்று அடித்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பெயின்ட்டைவிட முக்கியம். மஸ்டாங்கில் டேங்க்கின் மேல்பாகம்தான் டிக்கியின் தரை. கழுத்தையும் டேங்க்கையும் இணைப்பது டிக்கிக்குள் இருக்கும் ஒரு குட்டை ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப். பெட்ரோல் போட்ட பிறகு டிக்கியைத் திறந்து அந்த ஹோஸைத் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் தெரிந்தாலோ, வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம் வந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள், முதலில் அதை மாற்றுங்கள். இங்கே பங்க்குகளில் விற்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பரை அது விரிசல் விடவும் இளகவும் வைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதிக விலை இல்லாத சாமான்.

பங்க்கே வேண்டாம், கேனில் வாங்கி வந்து வீட்டில் ஊற்றிக்கொள்கிறேன் என்று சிலர் செய்கிறார்கள். கேனிலும் ஊழியர்தான் பிடித்துத் தர வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கேனாக இருக்க வேண்டும். வீட்டில் வண்டிக்கு ஊற்றுவதை இந்தச் சட்டம் தொடுவதில்லை. கேனை டிக்கியில் வைத்தபடியே நிரப்ப விடாதீர்கள். தரையில் இறக்கி வைத்துத்தான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலைமின் பொறியில் தீப்பிடிக்கலாம். வாட்டர் ஹீட்டர் இருக்கும் கராஜுக்குள் ஊற்றவே கூடாது. இந்த ஆபத்தை எல்லாம் யோசித்தால், கூட்டமில்லாத நேரத்தில் வீட்டுப் பக்கத்துச் சின்ன பங்க் ஒன்றை வாடிக்கையாக்கிக்கொள்வதே நல்லது. ஒரே ஊழியர் உங்கள் வண்டியைப் பழகிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். டர்ன்பைக் (சுங்க நெடுஞ்சாலை) ஓரத்துப் பெரிய நிலையங்களில் வரிசை நெருக்கும், பொறுமையாக யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அவுட்டர்பிரிட்ஜ் பாலம் தாண்டி நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் போனாலோ, டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியா போனாலோ நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதற்காகவே போவது வீண். அந்தப் பக்கம் ஷோவுக்குப் போகும் நாளில் அங்கேயே போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் நண்பர் யாரிடமாவது பழைய டீசல் மெர்சிடிஸ் இருந்தால் அவருக்கு இந்தக் கவலை இல்லை: நியூ ஜெர்சி சட்டம் பெட்ரோலை மட்டும்தான் சொல்கிறது. பங்க்காரர் அனுமதித்தால் டீசலைத் தானே பிடித்துக்கொள்ளலாம்.

போர்ட்லண்ட் விஷயம் இப்போது மாறிவிட்டது. ஓரிகனில் 1951 முதல் தடை இருந்தது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மட்டும், ஊழியர் நாசிலைக் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அங்கே சட்டத்திலேயே வழி செய்தார்கள். மக்கள்தொகை குறைந்த கவுண்ட்டிகளில் (மாவட்டங்களில்) தடையைப் படிப்படியாகத் தளர்த்தி, கடைசியில் 2023 ஆகஸ்ட் 4 அன்று ஆளுநர் டினா கோட்டெக் கையெழுத்திட்ட சட்டத்தால் மாநிலம் முழுவதும் சுயசேவை வந்துவிட்டது. போர்ட்லண்ட் இருக்கும் மல்ட்னோமா போன்ற மக்கள் நெருக்கமான 16 கவுண்ட்டிகளில், பாதி பம்ப்புகளையாவது ஊழியர் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விலைதான் வாங்கலாம். ஆகவே அங்கே போனதும் சுயசேவை என்று எழுதியிருக்கும் பம்ப்பில் நிறுத்தி, கிளிப்பை மாட்டாமல், துணியை ஒரு கையிலும் நாசிலை மறு கையிலும் வைத்துக்கொண்டு நீங்களே போடலாம். முதல் கட்டோடு நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அங்கேயும் மாறாது.