நடுவானில் கரண்ட் போனால் சின்ன விமானம் விழுந்துவிடுமா?

விழாது. பெரும்பாலான சின்ன விமானங்களில் இன்ஜின்கூட நிற்காது.

நான் அமெரிக்காவில் ஓட்டுவது செஸ்னா 172, நாலு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம். அதன் ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுப்பது பேட்டரி அல்ல, இன்ஜினோடு சேர்ந்து சுற்றித் தானே மின்சாரம் உண்டாக்கும் இரண்டு மேக்னட்டோக்கள். பேட்டரியே இல்லாமல் ஓடிய பழைய டி.வி.எஸ். 50 நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். மாஸ்டர் ஸ்விட்சை மொத்தமாக அணைத்தாலும் இன்ஜின் அது பாட்டுக்கு ஓடும். பழைய 172-இல் வேகம், உயரம் காட்டும் முள்கள் காற்றழுத்தத்தில் இயங்குபவை, அவையும் நிற்காது.

எல்லா விமானமும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையரில், பேட்டரி இறங்கிப்போயிருந்த டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் சின்ன விமானம் ஒன்றை வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்து கிளப்பினார்கள். சக்கரங்களை உள்ளே மடக்கியதும் வோல்டேஜ் விழுந்தது. இன்ஜின்களை நடத்துவது கம்ப்யூட்டர் என்பதால் இரண்டுமே நின்றுபோயின.

172-இல் சிக்கல் வேறு. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் போனால் சட்டென்று எதுவும் அணையாது. பேட்டரி சத்தமில்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். காட்டிக்கொடுப்பது ஒரு சின்ன சிவப்பு விளக்கும், மைனஸ் பக்கம் சாயும் அம்மீட்டர் முள்ளும்தான். சர்க்யூட் பிரேக்கரைப் பார்த்துவிட்டு, ஆல்டர்னேட்டர் ஸ்விட்சை ஒரே ஒரு தடவை அணைத்துப் போடுவேன். சரியாகவில்லையா, அதை அப்படியே அணைத்துவிட்டு மின்சாரம் குடிக்கும் மற்றவற்றையும் நிறுத்த வேண்டும்: பிட்டோ ஹீட்டர் (வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் சூடாக்குவது), லேண்டிங் லைட், இரண்டாவது ரேடியோ. பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்பார்கள். பழைய பேட்டரிக்கு நான் அதில் பாதிதான் கணக்கு வைப்பேன்.

அந்த நேரத்தை ஊர் போய்ச் சேரச் செலவழிப்பதுதான் ஆபத்து. 1983 அக்டோபர் 11 இரவு, ஏர் இல்லினாய்ஸ் 710 என்ற விமானம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டு ஜெனரேட்டர்களின் மின்சாரமும் போனது. திரும்பினால் ஓடுதளம் பக்கத்திலேயே இருந்தது. கேப்டன் பேட்டரியை நம்பி, போகவேண்டிய கார்பண்டேலுக்கே போனார். சுமார் அரை மணியில் பேட்டரி தீர்ந்து விமானம் விழுந்தது. இருந்த 10 பேரும் இறந்தார்கள். அது பயணிகள் விமானம்தான், ஆனால் பேட்டரிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

அதனால் ரேடியோ உயிரோடு இருக்கும்போதே கட்டுப்பாட்டு டவரிடம் விஷயத்தைச் சொல்லி, பக்கத்து விமான நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ரேடியோ போனதைச் சொல்லும் 7600 எண்ணையும் ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியான ட்ரான்ஸ்பாண்டரில் போட அதற்கு உயிர் வேண்டுமே! எல்லாம் செத்த பிறகு டவர் விளக்கைக் காட்டும்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. பெட்ரோல் முள் பூஜ்யத்துக்கு விழும், பயப்பட வேண்டாம், அதுவும் மின்சாரத்தில் ஓடுவது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் தகடும் மோட்டாரில்தான் இறங்கும். முழுதாக இறக்கிவிட்டு, மறுபடி மேலே ஏற நேர்ந்தால் மடக்க முடியாது. ஓடுதளம் நீளமாக இருந்தால் ஃபிளாப் இல்லாமலே இறங்குவேன்.

இரவில் இன்னொரு தொல்லை. இங்கே டவர் இல்லாத பல நிலையங்களில் ஓடுதள விளக்கை விமானியே ரேடியோ பட்டனைப் பலமுறை அழுத்தித்தான் எரிய வைக்க வேண்டும். ரேடியோ போனால் விளக்கும் இல்லை. அதனால் இரவில் டவர் உள்ள இடத்தையே தேடிப் போவேன். பையில் கைரேடியோ ஒன்றும் டார்ச் இரண்டும் எப்போதும் கிடக்கும்.