சிங்கப்பூர் குடிமகன் கண்டனூரில் குடியேறலாமா? வைத்தியத்துக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 66. பிறந்தது காரைக்குடி பக்கம் கண்டனூர். 1984-ல் சிங்கப்பூர் போனேன், 1998-ல் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தேன். மனைவிக்கு 61 வயது. அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், சிங்கப்பூரில் நிரந்தரவாசி. இரண்டு வருடத்தில் ஊருக்கே வந்து அப்பச்சி வழி வந்த வீட்டில் இருக்க ஆசை. வீடு பங்காளிகள் நான்கு பேருக்குப் பொது. ஒன்றரை ஏக்கர் வயலும் உண்டு. 2019-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், சர்க்கரையும் இருக்கிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது ஆதாரும் எடுத்துவிட்டேன். ‘ஆதார் இருந்தால் போதும், தங்குவதற்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரச்சினையே வராது’ என்கிறார் ஊரில் ஒரு தரகர். நம்பலாமா?

பதில்: ஐயா, நம்ப வேண்டாம். ஆதார் எண் குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்பிடத்துக்கோ சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9-வது பிரிவே சொல்கிறது. 1998-ல் நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே, குடியுரிமைச் சட்டம் 1955-ன் 9-வது பிரிவுப்படி உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. யாரும் வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை. கோயில் கணக்கில் உங்கள் குடும்பம் இன்னும் ஒரு புள்ளியாக இருக்கலாம், சட்டத்தின் கணக்கில் நீங்கள் வெளிநாட்டவர்.

தங்குவது இதில் சுலபமான பாதி. நீங்கள் வாங்க வேண்டியது ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை. முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவர் என்பதால், மனைவியைச் சாராமல் உங்கள் சொந்த உரிமையிலேயே அது கிடைக்கும். ஆயுள் முழுக்க எத்தனை முறையும் வந்து போகலாம், எத்தனை வருடமும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்று பயப்படாதீர்கள். பெயரில் ‘சிட்டிசன்’ இருந்தாலும் ஓ.சி.ஐ. குடியுரிமை இல்லை. ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது. உங்கள் வயதில் புதிய பாஸ்போர்ட் எடுத்தால் அட்டையை மாற்ற வேண்டியதில்லை; அதன் நகலையும் ஒரு புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும்.

பழைய இந்தியப் பாஸ்போர்ட் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. சிக்கல் வருவதென்றால் பெரும்பாலும் அங்கேதான் வரும். அது கையில் இருந்தால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குங்கள். ஓ.சி.ஐ. விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே அதைத்தான். தொலைந்திருந்தால் போலீஸ் புகார் நகலும், பிறப்பிடத்துக்கு வட்டாட்சியர் தரும் சான்றும், பள்ளிச் சான்றிதழும் தேடி வையுங்கள். எல்லாவற்றையும் அங்கிருந்தே முடித்துவிட்டு வாருங்கள். விசாவில் வந்து இங்கே அலைய வேண்டாம்.

வாக்காளர் பட்டியல் விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். குடிமகன் அல்லாதவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 16). பட்டியல் தொடர்பாகப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இடையில் ஓட்டுப் போட்டீர்களா என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆதாரும் அப்படித்தான்: விண்ணப்பிக்கும் முன் 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே வசித்திருக்க வேண்டும். விடுமுறையில் எடுத்த எண்ணை இப்போதைக்கு எங்கும் நீட்டாதீர்கள். குடியேறி அந்த 182 நாள் கழிந்ததும் ஓ.சி.ஐ. அட்டையோடு சேவை மையத்துக்குப் போய்ப் பதிவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இந்த ஒன்றுதான்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் எந்த மருத்துவரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1996-ல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21-வது உறுப்பை (உயிர் வாழும் உரிமை) மீறுவது என்றது. அந்த உறுப்பு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த நபரும்’ என்கிறது. ஆகவே உங்களுக்கும் பொருந்தும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ தயங்காமல் போகலாம். 2025-ல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, வெளிநாட்டவரை உள்நோயாளியாகச் சேர்க்கும் மருத்துவமனை அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதனால் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. நகல் கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள்.

ஆனால் அவசர சிகிச்சை வேறு, வருடக்கணக்கான வைத்தியம் வேறு. இரண்டாவது ஸ்டென்ட், பைபாஸ், டயாலிசிஸ் என்று வந்தால் செலவை யார் தருவார்கள்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வரம்பையும் வைத்து ஓடுவது. அதை நம்பி வராதீர்கள். சிங்கப்பூர் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்ட் லைஃப் அந்த நாட்டு மருத்துவமனைக்கானது. அங்கே வைத்தியத்துக்கென்று சேர்த்த மெடிசேவ் பணத்தையும் மதுரையில் கட்ட முடியாது. ஆக, இங்கே உங்களுக்கு இருப்பது தனியார் காப்பீடும் கைப்பணமும்தான்.

தனியார் காப்பீட்டில் நேரம்தான் முக்கியம். 2024 ஏப்ரல் முதல் நுழைவு வயதுக்கு 65 என்ற பழைய உச்சவரம்பு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதம் என்று குறைந்திருக்கிறது. நீங்கள் இரண்டு வருடம் கழித்து வந்து பாலிசி எடுத்தால், உங்களுக்கு 71 வயதாகும்போதுதான் இதயமும் சர்க்கரையும் அதற்குள் வரும். ஓ.சி.ஐ. கிடைத்ததும் அடுத்த விடுமுறையிலேயே இங்கே மருத்துவப் பரிசோதனை செய்து பாலிசி எடுத்துவிடுங்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும்போதே அந்த 36 மாதம் ஓடிக்கொண்டிருக்கும். பிரீமியத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) கட்டலாம். பணத்தை வீணாகக் கட்டுகிறோமே என்று தோன்றும், தோன்றட்டும். விதை விதைக்காமல் அறுவடைக்கு நாள் பார்க்க முடியாது.

ஸ்டென்ட்டை மறைக்காதீர்கள். ‘அதை எழுதாதீங்கண்ணே, பாலிசி கிடைக்காது’ என்று சொல்லும் முகவர், பில் வரும் நாளில் பக்கத்தில் நிற்க மாட்டார். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்ற விதி இருக்கிறது. மோசடி நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால், கட்டக்கூடியதாக இருந்தால் கட்டிவிடுங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசி வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் இதயத்துக்கே தொகை தீர்ந்துபோனால் ஆச்சிக்கு (உங்கள் மனைவிக்கு) என்ன மிஞ்சும்? முதியோர் பாலிசிகள் பலவற்றில் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் சென்னை மருத்துவமனைகளை எண்ணாமல் காரைக்குடியும் மதுரையும் திருச்சியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 60 வயது கடந்தவருக்கு ஒரே வருடத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமென்றால் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கிளெய்மை அநியாயமாக மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் முறையிடலாம், வக்கீலும் வேண்டாம். (வக்கீலே இதைச் சொல்கிறேன்.)

இன்னொரு ஆசை உங்களுக்கு வரலாம். ஓ.சி.ஐ. பதிவு செய்து ஐந்து வருடம் ஆகி, அதில் கடைசி ஒரு வருடம் இங்கே வசித்திருந்தால் மீண்டும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சிங்கப்பூர் குடியுரிமையை விட வேண்டும். காத்திருப்புக் காலம் முடிந்து, இரண்டொரு கிளெய்ம் ஒழுங்காகக் கிடைக்கும் வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். திருச்சியில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு மருத்துவக் காப்பீட்டை அவசரப்பட்டு விடுவானேன்? சிங்கப்பூரின் சேமநிதியான சி.பி.எஃப்.-இலிருந்து வரும் ஓய்வூதியம், அதாவது சி.பி.எஃப். லைஃப் மாதத் தொகை, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் வரும். அங்குள்ள வங்கிக் கணக்கை மட்டும் மூடாதீர்கள்.

ஆச்சியின் நிலை நேர்மாறானது. இங்கே அவருக்கு எந்தத் தடையும் இல்லை, சிக்கல் அங்கேதான். மறுநுழைவு அனுமதி காலாவதியான நிலையில் சிங்கப்பூருக்கு வெளியே இருந்து, 180 நாளுக்குள் புதிதாக விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாசி உரிமை போகும், அதோடு மெடிஷீல்டும் போகும். ஊரில் குடியிருந்துகொண்டே அதை ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. நிரந்தரமாக வெளியேறும் வெளிநாட்டவர் தன் சி.பி.எஃப். முழுவதையும் எடுக்கலாம். அதை எடுத்து அவருக்கான வைத்திய நிதியாக வைப்பது புத்திசாலித்தனம்.

வரி பற்றிச் சுருக்கமாக: இத்தனை வருடம் வெளியே இருந்தவர் என்பதால் வந்து முதல் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராத நிலையில் இருப்பீர்கள். அதற்குள் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். அந்தச் சலுகைக் காலம் முடிந்த பிறகு சிங்கப்பூர் சொத்தைக் கணக்கில் காட்டாவிட்டால் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும். வெளிநாட்டில் இருப்பவருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் குடியேறியதும் மாற்றியாக வேண்டும்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைவிழந்து படுத்தால் உங்களுக்காகக் கையெழுத்துப் போடுவது யார்? சிங்கப்பூரில் எழுதிய நீடித்த அதிகாரப் பத்திரம் இங்கே தானாகச் செல்லாது. இங்கே எழுதும் பவர் பத்திரமும், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவு தவறினால் ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி முடிந்துபோகும். அப்புறம் உயர் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். எனவே வைத்தியப் பணம் இருக்கும் கணக்கை இருவரில் யாரும் எடுக்கும்படி வையுங்கள். எந்த அளவுக்குச் சிகிச்சை வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரமாக எழுதலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023-ல் எளிதாக்கிய பிறகு இரண்டு சாட்சியும் நோட்டரி கையெழுத்தும் போதும்.

வயல் பரம்பரையாக வந்தது என்பதால் வைத்திருக்கலாம். பக்கத்து வயலை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது; ஆச்சி இங்கே குடியிருப்பவர் ஆன பிறகு வாங்கலாம். வீட்டில் நீங்கள் வசிப்பதை எந்தப் பங்காளியும் தடுக்க முடியாது, இணை உரிமையாளருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும் பழைய வீடுகளில், முட்டி வலியோடு இரவில் இரண்டு கட்டு தாண்டிப் போவது முடியாத காரியம். வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உங்கள் அறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டத்தான் வேண்டியிருக்கும். அதற்கு மற்ற மூன்று பேரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, அடுத்த தலைமுறை அதை மறுக்கும். முடிந்தால் யாருக்கு எந்த அறை என்பதையே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்துவிடுங்கள். பழைய பத்திரங்களின் நகலை அனுப்பினால் அதற்குத் தனியாக எழுதுகிறேன்.